குழந்தைகள் தொண்டு நிறுவனத்தில் கோடைகால இன்டர்ன்ஷிப்: என்ன வேலையைக் கேட்டு வாங்குவது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் திருச்சியில் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம் அந்த நிறுவனம் நடத்தும் டியூஷன் சென்டர்களில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டைபெண்டு கிடையாது. "ஒரு சர்டிபிகேட்டுக்காக ஒன்றரை மாசம் வெயில்ல அலையணுமா?" என்று அப்பா கேட்கிறார். இவருக்குப் பாடம் நடத்திப் பழக்கமில்லை. போகலாமா, போனால் என்ன செய்வது என்பது கேள்வி.

தாராளமாகப் போங்கள். இப்படிப்பட்ட மையங்களை நடத்துவதிலும், வருகிற இன்டர்ன் பிள்ளைகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதிலும் எனக்குப் பல வருடப் பழக்கம் உண்டு. அதை வைத்து ஒன்றை முதலிலேயே சொல்கிறேன். அங்கே அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு அக்கா இருப்பார். அதே குடியிருப்பில் வேறொரு பிளாக்கில் வசிப்பவர். பன்னிரண்டாவதோ டிகிரியோ முடித்தவர். தன் பிள்ளையையும் அதே வகுப்பில் உட்காரவைத்துக்கொண்டு மாலையில் மற்ற இருபது முப்பது பிள்ளைகளையும் பார்த்துக்கொள்பவர். நீங்கள் போன பிறகும் இருக்கப்போவது அவர்தான். ஆகவே குழந்தைகளுக்கு இன்னொரு அக்காவாகப் போகாமல், அந்த அக்காவுக்குக் கூடமாட ஒத்தாசையாகப் போங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கச் சொன்னதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது. கல்லூரிப் பிள்ளை வருகிறது, ஆங்கிலம் தெரியும், பெற்றோருக்கும் அது பிடிக்கும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஆறு வாரத்தில் யாருக்கும் ஆங்கிலம் பேச வந்துவிடாது. வகுப்பில் முன்பே கொஞ்சம் தெரிந்த நாலு பிள்ளைகள் உங்களோடு பேசுவார்கள். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கிளம்பியதும் அந்த வகுப்பு நின்றுவிடும், ஏனென்றால் அதைத் தொடர அக்காவிடம் எதையும் விட்டுவிட்டு வந்திருக்க மாட்டீர்கள். அதனால் போனவுடனே கோஆர்டினேட்டரிடம் பணிவாக, "ஆங்கிலத்துக்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்கிறேன். மீதி நேரத்தில் மைய அக்காவுக்குத் தேவையான ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். நல்ல நிறுவனமாக இருந்தால் அவர் நிமிர்ந்து உட்காருவார்.

இனி, நீங்கள் போகும் இடத்தையும் காலத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணகி நகர் 2000-இலிருந்து உருவான மறுகுடியமர்வுப் பகுதி. நகரத்துக்குள் கால்வாய்க் கரையிலும் சாலையோரத்திலும் குடிசை போட்டிருந்தவர்களை எடுத்துக் கொண்டுவந்து வைத்த இடம். சுனாமிக்குப் பிறகும் இந்தப் பக்கம் ஆட்கள் வந்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஏராளமான குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களுக்கு வந்து சேர்ந்தன. பள்ளி வருடத்தின் நடுவில் வீட்டை மாற்றினால் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பழைய பள்ளி இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும், புதிய பள்ளியில் சேர டி.சி. கையில் இருக்காது. அந்த இடைவெளியில் விட்டுப்போன எழுத்துகளும் வாய்ப்பாடும் இன்னும் பல பிள்ளைகளுக்குத் திரும்பி வரவில்லை. மக்குப் பிள்ளைகள், வளர்ப்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னால் வேலைக்கு எடுக்கத் தயங்கும் ஆட்கள் நகரத்தில் உண்டு. அங்குள்ள பெரியவர்களுக்கு இருக்கும் ஆறாத வருத்தம் அது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார் என்பது அங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். நீங்களும் தெரிந்துகொண்டு போங்கள். பேச்சைத் தொடங்குவதற்குப் "பாவம்" என்ற முகத்தைவிடக் கபடி நூறு மடங்கு நல்லது.

அப்புறம் மே மாதம். கோடை விடுமுறை என்றால் உங்களுக்கும் எனக்கும் தோன்றுவது வேறு, அங்கே நடப்பது வேறு. பள்ளி இருக்கும்போது ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்ட திட்டம் அது. மதியம் சத்துணவு. விடுமுறையில் இரண்டும் நின்றுபோகும். அம்மாக்கள் பலர் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்து ஐ.டி. கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங்குக்கும் அபார்ட்மென்ட்களில் வீட்டு வேலைக்கும் காலை ஆறு ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். பத்து வயது அக்கா நாலு வயதுத் தம்பியை வைத்துக்கொண்டு பூட்டிய வீட்டுக்குள்ளேயோ மாடிப்படியிலோ நாள் முழுக்க இருப்பாள். மையத்துக்கு வரும்போது அந்தத் தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வருவாள். "சின்னக் குழந்தைகளுக்கு அனுமதியில்லை" என்று சொன்னால் அவளும் வரமாட்டாள். ஒரு மூலையில் பாய் விரித்து நாலு பொம்மையைப் போட்டு, அந்தச் சின்னதுகளை நீங்கள் பார்த்துக்கொண்டால்கூட அது உருப்படியான இன்டர்ன்ஷிப் வேலைதான்.

வருகைப் பதிவு மே மாதம் பாதியாகக் குறையும். மாரியம்மன் கோயில் திருவிழா, சொந்த ஊர், பாட்டி வீடு என்று போய்விடுவார்கள். நேற்று வந்த பத்துப் பேரில் இன்று நாலு பேர்தான் வருவார்கள். இதனால் நாளுக்கு நாள் தொடர்ந்து போகும் பாடத்திட்டம் எதையும் போடாதீர்கள். அன்றன்றைக்கு முடிகிற வேலையாக வையுங்கள்: ஒரு கதை, ஒரு விளையாட்டு, ஒரு கணக்குப் புதிர். விடுமுறையில் வெயிலுக்காகப் பல இடங்களில் காலையிலேயே வகுப்பை முடித்துவிடுவார்கள். குடிநீர் கேன் இருக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

சரி, எந்த வேலையை முழுதாக எடுத்துக்கொள்வது? என்னைக் கேட்டால் இரண்டு வேலைகள். முதலாவது, பிள்ளைகளின் வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொருவராகப் பார்த்துக் குறித்துக் கொடுப்பது. அக்காவுக்கு இதைச் செய்ய ஆசை இருக்கும், நேரம் இருக்காது. ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்தால் மற்ற இருபத்தொன்பது பேரை யார் பார்ப்பது?

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். 1995-இல் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு, 2005 முதல் ஏசர் என்ற பெயரில் கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ச் சோதித்து அறிக்கை வெளியிட்டு வருகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் கணிசமானோர் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியாமல் இருக்கிறார்கள் என்பதை நாடு முழுக்கப் பேசவைத்தது அந்த அறிக்கைதான். அதன் வாசிப்புத் தாள் ஒரே பக்கம். எழுத்துகள், எளிய சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை, அவ்வளவுதான். பத்தியில் தொடங்க வேண்டும். தடையில்லாமல் வாசித்தால் கதைக்குப் போகலாம். தடுமாறினால் சொற்களுக்கு இறங்க வேண்டும். ஐந்து சொற்களில் நாலு சரியென்றால் பிள்ளை சொல் நிலையில் இருக்கிறது, இல்லையென்றால் எழுத்துக்கு இறங்க வேண்டும். தமிழிலும் அந்தத் தாள் உண்டு.

உட்காரும் விதம் முக்கியம். பிள்ளைக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று முந்திக்கொண்டு விடை சொல்வார்கள். அவர்களுக்கு அக்கா வேறு வேலை கொடுத்த பிறகு தொடங்குங்கள். பள்ளிப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், பாதிப் பிள்ளைகளுக்கு முதல் ரெண்டு பாடம் மனப்பாடம். சுவரைப் பார்த்துக்கொண்டே 'வாசிப்பார்கள்'. பார்த்திராத வரிகளைக் கொடுத்துவிட்டு எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். தமிழ் வாசிப்பில் நிற்கும் இடங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கும். 'கொடி' என்று இருந்தால் பிள்ளை முதலில் 'கெ' என்று வாசிக்கும். அடுத்து வரும் துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு, 'கெ... ர... டி' என்று சொல்லி உங்கள் முகத்தைப் பார்க்கும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் 'செடி'யையும் 'சேடி'யையும் ஒன்றாக வாசிக்கும். 'பட்டம்' 'படம்' ஆகிவிடும், புள்ளி வைத்த எழுத்து கண்ணில் படாது. நாலாம் வகுப்புப் பிள்ளை இப்படி நிற்கிறது என்றால் அதற்கு உயிரெழுத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒகர, ஓகாரக் குறிகளையும் மெய்யெழுத்துகளையும் மட்டும் பிடித்துக் கொடுத்தால் பல பிள்ளைகள் சில வாரங்களில் சொல் நிலையிலிருந்து பத்திக்கு ஏறிவிடுவார்கள். நீங்கள் அக்காவுக்குக் குறித்துக் கொடுக்க வேண்டியது இதைத்தான். வெறும் 'வாசிக்கத் தெரியவில்லை' என்ற குறிப்பை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியாது. 'கொம்பும் காலும் சேர்ந்தால் தடுமாறுகிறாள்' என்று எழுதினால் நாளைக்கே செய்யலாம்.

பட்டியல் தயாரானதும் பிள்ளைகளை வகுப்பு வாரியாக இல்லாமல் நிலை வாரியாக உட்காரவைக்க அக்காவோடு சேர்ந்து திட்டமிடுங்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஏழாம் வகுப்புப் பையனை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு எழுத்துக் குழுவில் போட்டால் அடுத்த நாள் வரமாட்டான். அவனுக்குத் தனியாக ஒரு வேலையைக் கொடுத்து, சின்னப் பிள்ளைகளுக்கு அட்டை பிடிக்கச் சொல்லி, அந்தச் சாக்கில் அவனையும் வாசிக்கவைக்கும் வித்தை அக்காவுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். உளவியல் மாணவிக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வாசிக்கப் புத்தகம் வேண்டுமே என்றால், பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஏராளமான படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன, இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். சென்னையின் தூலிகா பதிப்பகத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் புத்தகங்கள் கிடைக்கும். உங்கள் ஆங்கில அரை மணி நேரத்துக்கும் இவையே போதும். கதையை முதலில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். இதை நீங்கள் போன பிறகு அக்காவும் செய்ய முடியும்.

இரண்டாவது வேலை, வருகிற நேரத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு மிகச் சரியாக அமைந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு மே மாதத்தில் வரும். தேறிய பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை, ஊரே கொண்டாடும். தவறிய பிள்ளைகள் அன்று மாலையே கண்ணில் படமாட்டார்கள். ஒரே பாடத்தில், பெரும்பாலும் கணக்கில் போயிருக்கும். இரண்டு வாரத்துக்குள் பையன் சித்தப்பாவோடு பெயின்டிங் வேலைக்கோ கேட்டரிங்குக்கோ போகத் தொடங்கிவிடுவான். கையில் தினக்கூலி வந்துவிட்டால் திரும்ப நோட்டை எடுக்கவைப்பது மிகக் கஷ்டம். பதினைந்து வயதுப் பையன் வேலைக்குப் போவதைச் சட்டத்தைக் காட்டித் தடுப்பதும் சுலபமில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-இல் வந்த திருத்தம் பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைக்கத்தான் முழுத் தடை போடுகிறது. அதற்கு மேல் பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே தடை.

அவனைத் திரும்பக் கொண்டுவரும் வழி துணைத் தேர்வு. முடிவு வந்ததும் அறிவிப்பு வரும், விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் குறைவு, தேர்வு பொதுவாக ஜூலைத் தொடக்கத்தில் நடக்கும். தேறிவிட்டால் அதே வருடம் பதினொன்றாம் வகுப்பிலோ, ஐ.டி.ஐ.யிலோ, பாலிடெக்னிக்கிலோ இடம் தேடலாம், ஒரு வருடம் வீணாகாது. இது வீட்டில் பலருக்குத் தெரியாது. "பெயில்னா பெயில்தானே" என்று விட்டுவிடுவார்கள். முடிவு வந்த வாரத்தில் அக்காவிடம் அந்தப் பகுதியில் பத்தாவது எழுதிய பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் அக்காவோடு போங்கள். தனியாகப் போக வேண்டாம். மார்க்கைப் பற்றிப் பேசாதீர்கள். தேதியைச் சொல்லி, படித்த பள்ளிக்குக் கூட்டிக்கொண்டுபோய் விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள். பிறகு தேர்வு வரை தினம் ஒரு மணி நேரம் கணக்கு சொல்லித்தர ஆள் வேண்டும். உங்கள் கல்லூரி நண்பர்களில் ஒருவர் போனிலாவது உதவட்டும். ஆறு வாரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு இது நடந்தாலே நீங்கள் சென்னைக்கு வந்தது வீண்போகாது.

இதன் கூடவே வருவது தாள்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஆறாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் மாறும் பிள்ளைகளுக்கு டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க அம்மா ஒரு நாள் கூலியை விட வேண்டும். பெயரில் இனிஷியல் ஒரு தாளில் முன்னால், ஒரு தாளில் பின்னால் இருந்தால் மறுபடியும் அலைச்சல். யாரிடம் எந்தத் தாள் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதி, ஆதாரில் இருக்கும் பெயரும் பள்ளிப் பதிவில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று சரிபார்த்துக் கொடுத்தாலே பெரிய உதவி. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலிருந்தும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலிருந்தும் இருக்கின்றன. பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்த பிள்ளையின் வீட்டில் இதை எடுத்துச் சொல்லுங்கள். சில வீடுகளில் அந்த ஆயிரம் ரூபாய்தான் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதா கல்யாணப் பேச்சை எடுப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது.

அடுத்து நான் சொல்லப்போவதில் சமரசம் எதுவும் கிடையாது. பிள்ளைகளின் பாதுகாப்பு. நிறுவனம் உங்களைச் சேர்க்கும்போது அடையாள அட்டை நகல், கல்லூரிக் கடிதம், தெரிந்தவர் ஒருவரின் பரிந்துரை, குழந்தைப் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்து இவற்றையெல்லாம் கேட்டால் எரிச்சல்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். எதுவுமே கேட்காமல், "நாளைக்கே வந்து பிள்ளைங்களைப் பார்த்துக்கங்க" என்றால் யோசியுங்கள். உங்களை விசாரிக்காதவர்கள் வேறு யாரையும் விசாரித்திருக்க மாட்டார்கள். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். உங்கள் போன் நம்பரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், இன்ஸ்டாகிராமில் சேர்த்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கேட்பார்கள், அன்போடு கேட்பார்கள். "அக்காகிட்ட சொன்னா எனக்கு வந்துரும்" என்று சொல்லிவிடுங்கள்.

ஏதாவது ஒரு பிள்ளை, வீட்டிலோ வெளியிலோ யாரோ தன்னிடம் தப்பாக நடந்துகொள்வதாக உங்களிடம் சொல்லலாம். வெளியூரிலிருந்து வந்தவரிடம் சொல்வது சுலபம் என்பதால் இன்டர்ன்களிடம் இப்படிச் சொல்வது உண்டு. அப்போது "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். காக்க முடியாத வாக்கு அது. அமைதியாகக் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பில்ல, உனக்கு உதவக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் நான் சொல்லணும்" என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். உளவியல் படிக்கிறோம் என்று கவுன்சலிங் செய்யப் போகாதீர்கள், அதற்கான பயிற்சி உங்களுக்கு இன்னும் வரவில்லை. பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவைத்து, அன்றைக்கே நிறுவனப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். 2012-இன் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதை 21ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. பொறுப்பாளர் "பார்த்துக்கலாம், குடும்ப மானம்" என்று இழுத்தால் நீங்களே 1098-ஐ அழையுங்கள். 1996-இல் மும்பையில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய குழந்தைகள் உதவி எண் அது, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம். பதினெட்டு வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் என்று தெரிந்தாலும் அதே எண்தான்.

படம் எடுப்பது பற்றி. நிறுவனம் எழுத்தில் அனுமதி கொடுத்து, பெற்றோரும் சம்மதித்திருந்தால் ஒழியப் பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடாதீர்கள். காப்பகங்களில் இருக்கும், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதற்கு 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை போடுகிறது. டியூஷன் சென்டருக்கு வரும் எல்லாப் பிள்ளைக்கும் அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும், அந்தக் கண்ணியம் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும். கிழிந்த சட்டையோடு ஒரு பிள்ளையைக் கட்டிப்பிடித்து நீங்கள் எடுத்துக்கொண்ட செல்ஃபி, பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை காலேஜில் படிக்கும்போதும் இணையத்தில் இருக்கும். ரிப்போர்ட்டுக்குப் படம் வேண்டுமென்றால் பிள்ளைகள் வரைந்ததையும் சுவரில் ஒட்டியதையும் எடுங்கள்.

அங்கே போய்ப் பிள்ளைகளிடம் கேட்கக் கூடாதவையும் சில உண்டு. அப்பா குடிப்பாரா, என்ன ஆளுங்க, ஏன் அம்மா தனியா இருக்காங்க, இதெல்லாம் வேண்டாம். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் சாதி கேட்பார்கள், ஊரைக் கேட்டு வளைத்துக் கேட்பார்கள். ஊரைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். சாக்லேட், பேனா என்று தனித்தனியாக யாருக்கும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அக்காவால் தினம் அப்படிக் கொடுக்க முடியாது, நீங்கள் போன பிறகு அவரிடம் கேட்பார்கள்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன், அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சிறிய நிறுவனங்களில் மைய அக்காவுக்கே சம்பளம் சொற்பம். 2021-இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலேயே தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய்தான் கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் ஸ்டைபெண்டு இல்லாதது ஏமாற்று வேலை என்று அர்த்தமில்லை. ஆனால் இன்டர்ன்ஷிப்புக்கு உங்களிடம் 'பதிவுக் கட்டணம்' வாங்கும் இடத்துக்கும், நன்கொடை திரட்டி இலக்கை எட்டினால்தான் சர்டிபிகேட் என்று சொல்லும் இடத்துக்கும் போகவே போகாதீர்கள். மதியச் சாப்பாடு உண்டா, களத்துக்குப் போக பஸ் செலவு தருவார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்தச் செலவு பெரும்பாலும் மிச்சம். தங்குமிடம்தான் உண்மையான செலவு. உறவினர் வீடு ஓ.எம்.ஆர். பக்கத்தில் இருந்தால் நல்லது, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஆவடியிலிருந்து தினம் வந்துபோக நினைக்காதீர்கள். நிறுவனத்தின் பதிவு எண், ஆண்டறிக்கை, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு விவரம் இவற்றைக் கேட்டால் ஒழுங்கான நிறுவனம் அதே நாளில் அனுப்பிவிடும். பிள்ளைகள் தங்கும் காப்பகமாக இருந்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி பதிவு கட்டாயம், அதையும் பாருங்கள்.

கிளம்பும் நாளைப் பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். "நான் ஜூன் கடைசி வரைக்கும்தான் இருப்பேன், அப்புறம் காலேஜ்" என்று பிள்ளைகளிடமே சொல்லுங்கள், நடுநடுவே ஞாபகப்படுத்துங்கள். யாராவது சொல்லாமல் போய்விடுவது அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் ஏற்கெனவே நிறைய நடந்திருக்கிறது. "அடுத்த லீவுக்கு வருவேன்" என்று உறுதியில்லாமல் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், நம்பி எதிர்பார்ப்பார்கள். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காமல், வாசிப்புப் பட்டியலையும் தாள்கள் நோட்டையும் அக்காவோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்து அவர் கையில் கொடுங்கள். கல்லூரிக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதுவீர்கள், அதில் இருப்பதைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி அவருக்கும் கொடுங்கள். அவரைப் பற்றியும் அவர் மையத்தைப் பற்றியும் எழுதியதை அவர் படித்துச் சரியென்று சொன்ன பிறகு கல்லூரிக்கு அனுப்புங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: சேரும் முன்பே கோஆர்டினேட்டருக்கு ஒரு மெயில் போடுங்கள். எந்த மையம், அங்கே அக்கா யார், மே மாதம் எத்தனை பிள்ளைகள் வருவார்கள், குழந்தைப் பாதுகாப்பு விதிகளின் நகல் கிடைக்குமா, பத்தாவது எழுதிய பிள்ளைகளின் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் சேருவதற்கு முன் அந்த அக்காவோடு போனில் ஒருமுறை பேசி, உங்களால் அவருக்கு எந்த வேலை குறைய வேண்டும் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்வது நான் மேலே எழுதிய இரண்டுக்கும் வேறாக இருந்தால், அவர் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள்.